கம்பிச் சில்லுக்கு ஏற்ற கை: பழைய எம்.ஜி.ஏ. ஒன்றுக்கு கொழும்பில் டயர் போடுபவரைத் தேடிய நிகழ்வு ஆய்வு

இது 1960ஆம் ஆண்டின் எம்.ஜி.ஏ. 1600 என்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஐந்து டயரும் ஐந்து டியூபும் மாற்றிய வேலையின் முழு விவரம். வண்டி என் பெரியப்பாவுடையது, வெள்ளவத்தையில் நிற்கிறது. வேலையைவிட அதைச் செய்யக்கூடிய ஆளைத் தேடியதுதான் நீண்டது. கொழும்பில் டயர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்பிச் சில்லை, அதாவது சைக்கிளில் போல ஆரக்கம்பிகள் உள்ள சக்கரத்தைப் பிடித்துப் பழகிய கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார், அவர் வேறொருவரைக் காட்டுகிறார். இதே தேடலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் பார்த்தது, கேட்டது, அளந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். கடைகளின் பெயர்களை எழுதவில்லை.

வண்டியும் சில்லும்

எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. 1600 மாதிரி 1959இல் வந்தது. 1588 சீசீ எஞ்சின், முன்னால் டிஸ்க் பிரேக். பெரியப்பா இதை எழுபதுகளில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துரை குடும்பத்திடம் வாங்கினார். இந்த மாதிரி தகட்டுச் சில்லோடும் வந்தது, கம்பிச் சில்லோடும் வந்தது. இவருடையது 48 கம்பி உள்ள 15 அங்குலச் சில்லு.

கம்பிச் சில்லை ஹப்போடு (அச்சின் முனையில் சில்லு ஏறும் பகுதி) பிடிக்க நான்கு ஐந்து நட்டுகள் கிடையாது. சில்லின் நடுவில் இருக்கும் உட்பற்கள் ஹப்பின் வெளிப்பற்கள் மேல் ஏறும். அதற்கு மேல் இரண்டு காதுள்ள ஒரே ஒரு பெரிய நட். அந்தக் காதில் செம்பு அல்லது தோல் முகமுள்ள சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். வண்டியின் வலது பக்கத்தில் இடப்புரி (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகும் மரை), இடது பக்கத்தில் வழக்கமான வலப்புரி. எந்தப் பக்கமானாலும் மேலே நிற்கும் காதை வண்டியின் முன்பக்கம் நோக்கி அடித்தால் கழலும், பின்பக்கம் நோக்கி அடித்தால் இறுகும். இது தெரியாத ஒருவர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவார். ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டால் அதைவிட ஆபத்து, வண்டி ஓட ஓட நட் தானாகவே கழலும்.

அடுத்தது காற்று. கம்பிகளின் தலைகள் ரிம்மைத் துளைத்து உள்ளே வந்து முடிகின்றன. அந்தத் துளைகளால் காற்று வெளியேறும் என்பதால் இந்தச் சில்லுக்கு டியூப் கட்டாயம். டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே டியூப் போடத்தான் வேண்டும். கம்பித் தலைகள் டியூபைக் குத்தாமல் இருக்க ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டியும் வேண்டும்.

மூன்றாவது விஷயம்தான் பெரும்பாலான கடைகளில் கோட்டை விடப்படுகிறது. ஓடும்போது இந்தச் சில்லை நடுவாகப் பிடித்து வைத்திருப்பது பற்கள் அல்ல. ஹப்பின் உள்முனையில் ஒரு சாய்வு, வெளியே நட்டின் உட்பக்கத்தில் இன்னொரு சாய்வு. சில்லு இந்த இரண்டுக்கும் இடையில் நெருக்குண்டு உட்காருகிறது. பற்கள் சுழற்சியைக் கடத்த மட்டுமே. சில்லைச் சுற்றவிட்டு, எங்கே எத்தனை கிராம் ஈயம் ஒட்டினால் எடை சமமாகும் என்று காட்டுவது பேலன்ஸ் மெஷின். சாதாரண மெஷினில் ஒரு கூம்பை நடுத்துளைக்குள் செருகிப் பூட்டுவார்கள். அப்படிச் செய்தால் கூம்பு பற்களின் நுனியில் நிற்கும். சில்லு மெஷினில் சுற்றும் நடு வேறு, காரில் சுற்றும் நடு வேறு என்று ஆகிவிடும். திரையில் பூச்சியம் காட்டினாலும் றோட்டில் ஸ்டியரிங் உதறும்.

ஏன் மாற்ற வேண்டி வந்தது

டயர்களின் பூ இன்னும் நன்றாகவே இருந்தது. வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே முதிர்ந்துவிடும். பக்கச் சுவரில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. எங்களுடையதில் 2211, அதாவது 2011ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். மிஷெலின் நிறுவனம் ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடா வருடம் சோதிக்கவும், பத்து ஆண்டானால் எப்படி இருந்தாலும் மாற்றிவிடவும் சொல்கிறது. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் வந்துவிட்டன. இடது பின்சில்லில் மெதுவாகக் காற்றும் இறங்கிக்கொண்டிருந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து என்ன செய்யும் என்று வெள்ளவத்தைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெரியப்பா ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போவதை விடமாட்டார். றம்பொடை இறக்கத்தில் பதின்மூன்று பதினான்கு வயதான டயரோடு அவரும் பெரியம்மாவும் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பயம். அதனால்தான் இந்த வேலையை நான் கையில் எடுத்தேன்.

அளவு கிடைப்பதில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. இந்த வண்டிக்கு ஆதியில் 5.60–15 குறுக்கு நூல் டயர், அதாவது உள்ளே நூல்கள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும் பழைய வகை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் அதே அளவுதான். இன்றைய வகையான ரேடியலில் இரண்டுக்கும் பொருந்துவது 165 ஆர் 15. இலங்கையில் பீட்டில்கள் ஏராளம், அவற்றைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவர்களும் ஏராளம். அதனால் இந்த அளவு இங்கே அறவே இல்லாமல் போவதில்லை. சுமைக் குறியீடு 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது தாராளம். ரேடியலையும் குறுக்கு நூல் டயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. அதனால் ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்தையும் மாற்றத் தீர்மானித்தோம்.

கடை தேடியது

கடைக்குக் கடை கேட்பதற்கென்று பெரியப்பா சில கேள்விகளை வைத்திருந்தார். எல்லாம் அவருக்கு ஏற்கெனவே விடை தெரிந்தவை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது: "அலைன்மென்ட் பார்க்கும்போது கேம்பரும் சரிசெய்து தருவீர்களா?" கேம்பர் என்பது சில்லு உள்ளோ வெளியோ சாயும் கோணம், காஸ்டர் என்பது ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம். எம்.ஜி.ஏ.யில் இரண்டையும் திருப்பிச் சரிசெய்ய ஓர் இடமும் இல்லை. மாற்றக்கூடியது முன்சில்லுகளின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் அவை உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு மட்டும். அதுவும் இரண்டு சில்லும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும் என்பதுதான் அளவு. ஆகவே இந்தக் கேள்விக்குச் சரியான பதில், "முடியாது, இதில் அதற்கு இடமில்லை" என்பது.

முதலில் போனது காலி வீதிப் பக்கம் ஒரு பெரிய கடைக்கு. குளிரூட்டிய அறை, மரியாதையான ஆட்கள், புது மெஷின்கள். கேம்பர் கேள்விக்கு உடனே பதில் வந்தது: "எல்லாம் கம்பியூட்டரில சரியாக்கலாம் சேர்." டியூப் பற்றிக் கேட்டதற்கு, டயர் டியூப்லெஸ் என்பதால் அது வீண் செலவு என்றார்கள். ஒரு பையன் காற்றுத் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நட்டின் அளவு என்னவென்று கேட்டான். அதற்குள் இன்னொருவர் லிஃப்டின் கைகளை வண்டியின் தளத்துக்கு நேரே நீட்டத் தொடங்கினார். எம்.ஜி.ஏ.யின் தளம் ஒட்டுப்பலகை. வண்டியின் எடையைத் தாங்குவது அடியில் ஓடும் சட்டகம். ஜக் வைத்தாலும் லிஃப்ட் வைத்தாலும் சட்டகத்தில்தான் வைக்க வேண்டும். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார், நன்றி சொல்லி வந்துவிட்டோம். அந்தக் கடையை நான் குறை சொல்லமாட்டேன். என்னுடைய அன்றாட வாகனத்துக்கு இப்போதும் அங்கேதான் போகிறேன், வேலை சுத்தமாக இருக்கும். அவர்கள் பழகிய சில்லு வேறு, அவ்வளவுதான். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொன்ன வேகம் எனக்குக் கவலையாக இருந்தது.

அடுத்து பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயதான பாஸ். லொறி டயர், ட்ராக்டர் டயர் எல்லாம் பார்த்த கை. இந்த முறை வண்டியைக் கொண்டுபோகவில்லை, ஸ்பெயாரை மட்டும் எடுத்துப் போனோம். யாரிடம் போனாலும் முதலில் ஒரு சில்லை மட்டும் கொடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பாஸ் நட்டைப் பற்றிக் கேட்காமலே இடப்புரி, வலப்புரியை விளங்கப்படுத்தினார். டியூப் வேண்டும், பட்டி வேண்டும் என்று அவரே சொன்னார். லீவர் பிடிக்கும் விதத்தைப் பார்க்கவே ஆசையாக இருந்தது, ரிம்மில் ஒரு கீறல் விழவில்லை. இவர்தான் ஆள் என்று நானும் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

பிறகு பேலன்ஸ். பக்கத்துக் கடை மெஷினில் வழக்கமான கூம்பைப் போட்டுப் பூட்டினார்கள். ஓரிடத்தில் 35 கிராம் வேண்டும் என்று காட்டியது. ஈயம் ஒட்டுவதற்கு முன் பெரியப்பா ஒன்று கேட்டார்: சில்லை இளக்கி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி பூட்டிச் சுற்றிப் பாருங்கள். இப்போது 60 கிராம், அதுவும் வேறோர் இடத்தில். அதே சில்லு, அதே மெஷின். நடு சரியாகப் பிடிபடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பாஸ் சிரித்துவிட்டு, "மெஷின் அப்படித்தான் ஐயா, கொஞ்சம் கூடக்குறைய வரும்" என்றார். கூடக்குறைய வரலாம், ஆனால் இவ்வளவு வரக் கூடாது. இன்னொன்றும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அவர் எடுத்துக் காட்டிய 165 ஆர் 15 டயரில் குறியீடு 4616. பாவிக்காத டயர் பழசாகாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். ரப்பர் கடையின் தட்டில் இருந்தாலும் முதிரும்.

இந்தத் திருப்பிப் பூட்டும் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இதற்குச் செலவில்லை, சில நிமிடமே ஆகும், எந்த வாகனத்தின் சில்லுக்கும் பொருந்தும். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எடையும் ஒரே இடமும் வந்தால் சில்லு மெஷினில் நடுவாக நிற்கிறது. வராவிட்டால் எத்தனை கிராம் ஒட்டினாலும் பலனில்லை. வாடிக்கையாளர் இதைக் கேட்கும்போது கடைக்காரரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள்; அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆளைக் காட்டியது ஒரு பீட்டில்காரர். தெஹிவளையில் ஓர் உள்வீதியில் நடுத்தர அளவு கடை, நாற்பதுகளில் இருக்கும் ஒரு நானா நடத்துகிறார். ஸ்பெயாரை வாங்கி, பற்களைத் தடவி, பின்பக்கச் சாய்வில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஐயா, இதை இண்டைக்கு என்னால செய்ய ஏலாது. என்ட மெஷின்ல இதுக்குக் கோன் இல்ல. போட்டா நம்பர் வரும், ஆனா பொய் நம்பர்."

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கேம்பர் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

நானா தொடர்ந்தார்: "பழைய ஹப் ஒண்டும் நட் ஒண்டும் வீட்டில கிடக்கா? கிடந்தா கொண்டு வாங்க. லேத்ல குடுத்து மெஷின் தண்டுக்கு ஏத்த மாதிரிச் செஞ்சு எடுப்பம். கார்ல நிக்கிற மாதிரியே நிக்கும்."

பெரியப்பாவிடம் பற்கள் தேய்ந்ததால் கழற்றிய ஹப் ஒன்று இருந்தது. தேய்ந்த பல் இந்த வேலைக்குப் பரவாயில்லை, சாய்வு நன்றாக இருந்தால் போதும். லேத் பாஸ் அதன் நடுவை மெஷினின் தண்டுக்கு அளவாகக் கடைந்து கொடுத்தார். ஸ்பெயாரை அதன் மேல் ஏற்றி, சொந்த நட்டாலேயே இறுக்கிச் சுற்றினார்கள். 25 கிராம். இளக்கி, திருப்பி, மறுபடி சுற்றியபோது 30, அதே இடத்தில். ஐந்தையும் அவரிடமே கொடுப்பது என்று அங்கேயே முடிவானது.

டயர்களையும் அவர் மூலமாகவே எடுத்தோம். வந்த ஐந்தில் நான்கு ஒரே காலத்தவை, ஒன்று மட்டும் மூன்று வருடம் பழையது. நாங்கள் குனிந்து பார்ப்பதற்கு முன்பே அவர் அதைத் தனியாக எடுத்து வைத்து, மாற்றித் தரச்சொல்லி இறக்குமதியாளரோடு கதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கண்ணில் பட்டிருக்காவிட்டாலும் அவர் அதைப் போட்டிருக்கமாட்டார் என்று எனக்கு அப்போது நிச்சயமானது.

வேலை நாள்

பழைய டயர்களைக் கழற்றியதும் காற்று இறங்கியதன் காரணம் தெரிந்தது. முன்பு வேறோர் இடத்தில் போட்டபோது இடது பின்சில்லுக்கு ரப்பர் பட்டியே போடவில்லை. இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் மட்டும், அதுவும் வெப்பத்தில் உருகி ஒரு பக்கம் சுருண்டிருந்தது. அதைவிட முக்கியமானது டயருக்குள் இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டும் சின்னக் காகிதச் சீட்டு உரிக்கப்படாமலே கிடந்தது. டியூப் பயன்படுத்தும்போது இந்தச் சீட்டு ஒவ்வொரு சுற்றிலும் டியூபில் உரசும். சீட்டின் ஓரம் பட்ட இடத்தில் ரப்பர் வெள்ளையாகத் தேய்ந்து, ஊசி முனையளவு ஓட்டை விழுந்திருந்தது. மலை இறக்கத்தில் அது கிழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை.

நானா ஐந்து ரிம்களையும் கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுத்தார். உயர்ந்து நின்ற கம்பித் தலைகளை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவினார். வால்வுத் துளையின் ஓரத்தையும் விடவில்லை. புதுப் பட்டிகளைப் போட்டார். ஒவ்வொரு டயரின் உட்புறத்தையும் கையால் தடவிச் சீட்டுகளை உரித்து, பசையைச் சுத்தம் செய்தார். டியூப்கள் ரேடியலுக்கு என்று குறிப்பிட்டவை. பவுடர் தூவி, மடிப்பு விழாமல் இருக்கக் கொஞ்சம் காற்று ஊதி உள்ளே வைத்தார். டயரின் விளிம்பு ரிம்மில் உட்கார்ந்ததும் காற்றை முழுவதும் இறக்கி, மறுபடி நிரப்பினார். முதல் தடவை நிரப்பும்போது முறுகி நிற்கும் டியூப் இப்படி இறக்கி ஏற்றினால் தன் இடத்துக்கு வந்துவிடும். கடைசி வரை அருகில் நின்று பார்க்கவிட்டார். கண்ணாடிக்கு அப்பால் உட்கார வைத்து தேநீர் தரும் கடைகளைவிட இது எனக்கு எவ்வளவோ மேல்.

பேலன்ஸுக்கு முன் ஒவ்வொரு சில்லும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்தார். பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல கம்பிச் சில்லு என்று கொள்ளலாம். நான்கு அதற்குள் இருந்தன. ஒன்று மட்டும் மூன்று மில்லிமீட்டர். ஈயம் எடையைச் சரிசெய்யும், கோணலை நிமிர்த்தாது. அதை ஸ்பெயாராக ஒதுக்கி, பழைய ஸ்பெயாரை ஓட்டத்தில் போட்டோம். கம்பி இழுத்து நேராக்கும் வேலையைத் தன்னால் செய்ய முடியாது என்றும், மோட்டார் சைக்கிள் ரிம் கட்டுபவர் எல்லோராலும் இதைச் செய்ய முடியாது, கம்பிகள் பின்னியிருக்கும் விதம் வேறு என்றும் சொன்னார்.

பூட்டும்போது பற்களிலும் சாய்வுகளிலும் கிரீஸ் பூசினார். சில்லு நிலத்தில் படாமல் தூக்கி நிற்கும்போதே நட்டை இறுக்கினார். அப்போதுதான் அது சாய்வில் நடுவாக உட்காரும். இறக்கியபின் இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, தூக்கி வைத்த ஒவ்வொரு சில்லையும் இரண்டு கையாலும் முன்னும் பின்னும் அசைத்தார். வலது பின்பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன டக் கேட்டது. பல் தேயத் தொடங்கியிருக்கிறது என்பதன் அறிகுறி அது. இப்போதைக்கு ஓடலாம், கிரீஸ் இல்லாமல் ஓடக் கூடாது என்றார்.

காற்றில் மட்டும் ஒரு சிறிய விவாதம். கடையில் வேலை செய்யும் பையன் பழக்கத்தில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிவிட்டான். இவ்வளவு இலேசான வண்டிக்கு அது அதிகம். பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும், டயரின் நடு மட்டும் தேயும். பெரியப்பாவின் விருப்பப்படி முன்னால் 24, பின்னால் 26 ஆக்கினார்கள்.

றோட்டில்

ஒரு ஞாயிறு விடியற்காலை தெற்கு அதிவேகப் பாதையில் கொட்டாவையில் ஏறி கஹதுடுவையில் இறங்கினோம். முன்பெல்லாம் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஓர் உதறல் தொடங்கும். பெரியப்பா அதைப் பழைய வண்டியின் குணம் என்றே நினைத்து வருடக்கணக்காக ஓட்டியிருந்தார். தொண்ணூறில் அவர் ஒரு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்டியரிங் அசையவில்லை. திரும்பி வந்ததும் நான்கு நட்டுகளையும் செம்புச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். முன் இடது மட்டும் ஒரு நூலளவு அசைந்து இறுகியது. புதிதாகப் பூட்டிய கம்பிச் சில்லில் இது வழக்கம்தான், அதனால்தான் முதல் ஓட்டம் முடிந்ததும் பார்க்கச் சொல்கிறார்கள்.

கூலி முதல் கடை சொன்னதைவிடக் கூடுதல், லேத் செலவு வேறு. ஆனால் கடைந்த ஹப் இப்போது நானாவின் கடையிலேயே இருக்கிறது. எம்.ஜி.ஏ.யோ அதே அளவு ஹப் உள்ள வேறு வண்டியோ வைத்திருப்பவர்கள் போனால் அதிலேயே பேலன்ஸ் செய்து தருவார். பெரியப்பா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

நுவரெலியா போய்வந்தபின் காற்று நான்கிலும் அப்படியே நின்றது. மீதி இருப்பது வலது பின் ஹப்; இங்கிலாந்திலிருந்து புது ஹப் தருவிக்கச் சொல்லியிருக்கிறோம். வந்ததும் பெட்டியைத் திறந்து முதலில் பார்க்க வேண்டியது, அதில் இருப்பது இடப்புரிதானா என்பதை.